ஒருத்தி வந்தாலும் போச்சு

கல்லூரி மூன்றாம் ஆண்டில் எனக்கு ஒரு வியாதி பிடித்திருந்தது. யார் எது சொன்னாலும் ‘ஏன்?’ என்பேன். முதல் ஆண்டில் எல்லாரும் தலையாட்டினால் கூடவே ஆட்டியவள் நான். அந்த வெட்கத்தை வட்டியோடு தீர்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம். கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே நின்றுவிடும் பௌர்ணமியன்று ஒருவரும் கல்லூரிக்குப் போகமாட்டோம். ஒருவருமே வராவிட்டால் அட்டெண்டன்ஸ் எடுக்கமாட்டார்கள். ஒருத்தி வந்தாலும் போச்சு, மற்ற எல்லாருக்கும் ஆப்சென்ட். வந்தவளுக்குப் பெயர் கருங்காலி.

அப்படியொரு பௌர்ணமியில் என் செமினார் விழுந்தது. நானே தேடிப் பிடித்த தலைப்பு. அன்று வராவிட்டால் மார்க் கிடையாது என்று மேடம் சொல்லிவிட்டார். என் வீடு வேங்கிக்காலில். கல்லூரிக்கு நடந்தே போகலாம். ‘நான் வருவேன்’ என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஆளாளுக்குக் கருங்காலி என்றார்கள்.

அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து வரும் தோழி மட்டும் போன் செய்தாள். டைபாய்டில் படுத்து எழுந்தவள். இன்னும் ஒரு ஆப்சென்ட் விழுந்தால் பரீட்சை எழுத முடியாது. கிரிவலப் பாதையில் இருக்கும் அவர்கள் வீட்டு இளநீர்க் கடையை விட்டு அன்று நகரவும் முடியாது.

“இந்த ஒரு வாட்டி கம்முனு இருடி. நாங்க சொல்றத கேளு.”

‘கேளு’ என்றது சுருக்கென்று தைத்தது. “எனக்குனு புத்தி இருக்கு” என்று போனை வைத்துவிட்டேன்.

காலையில் போயே விட்டேன். ஆனால் கேட்டைத் தாண்டக் கால் வரவில்லை. வேப்பமரத்தடியில் இப்படியும் அப்படியும் நடந்தேன்.

“உள்ள போறியாமா, இல்லையா?” என்று வாட்ச்மேன் கேட்டே விட்டார்.

செமினாருக்கு வந்தேனா, கருங்காலி என்றவர்களுக்குக் காட்ட வந்தேனா? முதல் ஆண்டில் அவர்கள் சொன்னதைச் செய்தேன், இன்று அவர்கள் சொன்னதற்கு நேரெதிராகச் செய்கிறேன். இரண்டிலும் கயிறு அவர்கள் கையில்தான். யாருமே எதுவும் சொல்லாதிருந்தால் என்ன செய்வேன்? அவள் பரீட்சை எழுதவேண்டும் என்றுதான் தோன்றியது. திரும்பி நடந்தேன். மார்க் போனது போனதுதான்.

சாயந்திரம் அவள் கூப்பிட்டாள். பின்னால் இளநீர் சீவும் சத்தம்.

“எனக்குத் தெரியும்டி. நாங்க சொன்னா நீ கேட்டுடுவ.”

இல்லை என்று கத்தவேண்டும்போல் இருந்தது. “கடையில கூட்டமா?” என்று கேட்டேன்.

“ஜாஸ்திதான்” என்று சிரித்தாள்.

நானாக எடுத்த முதல் முடிவுக்கு வாட்ச்மேன் ஒருவர்தான் சாட்சி. அவரும் என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்.