மூச்சுக் காவல்

பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது நெஞ்சுக்குள் யாரோ பாத்திரம் உருட்டினார்கள். எனக்கு வந்த முதல் நோய்க்குறி அதுதான். வாயில் நுரையோடு குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பற்பசையோடு செத்துக் கிடந்தால் ஊர் என்ன பேசும்? கொப்பளித்துவிட்டுச் சாகலாம் என்று எழுந்தேன். எழ முடிந்தது. அதனால் சாவு தள்ளிப்போனது.

பயம் வந்த வழி எனக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். பக்கத்து மேசை ஞானராஜுக்கு என் வயதுதான். சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் எழவில்லை. துக்க வீட்டில் எல்லோரும் அவர் மனைவியிடம், "நோய் நொடியில கெடக்காம தூக்கத்துலயே போயிட்டாரு, ஆண்டவர் நல்ல சாவு குடுத்துட்டாரு" என்று ஆறுதல் சொன்னார்கள். நானும் சொன்னேன், கொஞ்சம் உரக்கவே. வீட்டுக்கு வந்து தலையணையைப் பார்த்ததும்தான் உறைத்தது: அந்த நல்ல சாவு என் வீட்டுக் கட்டிலுக்கும் வரலாம்.

அலுவலகத்தில் எல்லோரையும் கேலி செய்கிற வாய் என்னுடையது. இதை அங்கே எப்படிச் சொல்வது? மனைவி எஸ்தரிடம் மட்டும் சொன்னேன்.

"நான் தூங்கும்போது மூச்சு வருதான்னு அப்பப்பப் பாரு. வரலைன்னா தட்டு."

"நீங்க விடுத கொறட்டையில ஓடு பறக்கு. அதுக்குக் காவல் வேறயா?" என்றாள். ஆனாலும் பார்த்தாள்.

குறட்டை நின்றால் ஒரு தட்டு. நான் அலறி எழுவேன். "இருக்கியளா?" "இருக்கேன்." இருவரும் தண்ணீர் குடிப்போம். கண் அயர்ந்ததும் அடுத்த தட்டு. விடியும்போது நான் உயிரோடு இருப்பேன்; அதைக் கொண்டாட இருவருக்கும் தெம்பு இருக்காது.

பகலெல்லாம் நாடி பிடித்துப் பார்த்தேன். பார்த்தால் பயம், பயந்தால் நாடி ஓடும், ஓடினால் மறுபடி பார்ப்பேன். ஒருநாள் சேரன்மகாதேவியிலிருந்து பேருந்தில் திரும்பும்போது மூச்சு முட்டியது. விரல்கள் மரத்தன. "நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"அண்ணாச்சிக்கு அவசரம் போல. அந்தா வரப்பு இருக்கு, பைய எறங்குங்க" என்றார் நடத்துநர். பேருந்தே சிரித்தது. எனக்கோ அது கடைசி நிமிடம்.

எஸ்தர் என்னை மருத்துவமனைக்கு இழுத்துப்போனாள். ஈ.சி.ஜி. (இதயத்தின் மின்துடிப்பைக் கோடுகளாக வரையும் சோதனை), எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் பார்ப்பது) எல்லாம் சரியாக இருந்தன. எனக்கு வந்தது பீதித் தாக்கு (ஆபத்து இல்லாதபோதும் உடல் ஆபத்து மணி அடிப்பது) என்றார் மருத்துவர் அம்மா. மன அழுத்தம் தூக்கத்தைக் கெடுக்கும், கெட்ட தூக்கம் மறுநாள் அழுத்தத்தைக் கூட்டும், தூங்கும்போதுதான் துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்கி உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆராய்ச்சிகள் சொல்வது இதுதான் என்று பொறுமையாக விளக்கினார். பிறகு, நான் பரிசோதனைக் கட்டிலில் கிடக்க, எஸ்தரிடம் கேட்டார்.

"தூங்கும்போது மூச்சு நின்னு திணறுதாரா?"

"நிக்கதுக்கு நான் எங்க விட்டேன்?"

"ராத்திரி எத்தன தடவ முழிக்காரு?"

"நான் தட்டும்போதெல்லாம்."

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டார். "அப்போ நீங்க எப்பம்மா தூங்குதீங்க?"

எஸ்தர் கொட்டாவியை முந்தானையால் மறைத்தாள். மருத்துவர் இரத்த அழுத்தப் பட்டையை என் கையிலிருந்து கழற்றி அவள் கையில் சுற்றினார். பார்த்தார். சற்று உட்காரவைத்து மறுபடியும் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அண்ணாச்சி, கட்டில விட்டு எந்திரிங்க. அவங்க படுக்கட்டும்."

எழுந்தேன். வாயில் கேலி எதுவும் வரவில்லை. என் உயிரைக் காக்கிறேன் என்று இவளைத் தேய்த்திருக்கிறேன். அதுவரை பட்டதெல்லாம் பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

அவளுக்கு இரத்த அழுத்த மாத்திரை, தூக்கம். எனக்குத் தூக்கச் சோதனை. அதிலும் மூச்சு தடைபடவில்லை. தினமும் ஒரே நேரத்தில் எழ வேண்டும், தூக்கம் வராவிட்டால் புரளாமல் எழுந்து உட்கார வேண்டும், நாடியைத் தொடக் கூடாது. கடைசியது புகையிலையை விடுவதைவிடக் கஷ்டம். ஆலோசகரிடமும் போகிறேன்.

என்னைப் போன்றவர்களுக்கு ஒன்று. நெஞ்சில் ஏதாவது செய்தால் வெறும் பயம் என்று நீங்களே தீர்மானிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஆனால் உங்கள் பயத்துக்கு வீட்டில் ஒருவரைக் காவல் நிறுத்தாதீர்கள்.

முன்பு உடம்பு எனக்குச் சட்டை மாட்டுகிற ஆணி. இப்போது வீட்டுக்கு வந்து தங்கிவிட்ட சம்பந்தி. ஒவ்வொரு முனகலுக்கும் காது கொடுக்க வேண்டியிருக்கிறது. பொழுதும் மாறிவிட்டது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

இதை எழுதும் ஞாயிறு மத்தியானம், ஆலயம் போய்வந்து எஸ்தர் தூங்குகிறாள். அவளுக்குக் குறட்டை கிடையாது. மூச்சு வருகிறதா என்றே தெரியவில்லை. தோளைத் தொட்டால் ஒரு நொடியில் எனக்கு நிம்மதி கிடைத்துவிடும். கையை மடக்கி அக்குளுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.