வாசலில் மட்டும் இன்னும் மூன்று மணி

மலீஹா வேலை பார்க்கும் அறையிலிருந்து கடல் தெரியாது. படூரில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடி அது. ஜன்னலைத் திறந்தால் எதிரில் இன்னொரு கட்டடத்தின் நாலாவது மாடி. ஆனால் அந்தக் கரையில் அவளைவிட அதிகம் கடலோடு வாழ்ந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது.

கோவளம் தொடங்கி சதுரங்கப்பட்டினம் வரை, கடற்கரையில் ஐந்து விடுதிகள் ஒரே முதலாளிக்குச் சொந்தம். அந்த ஐந்திலும் உள்ள அறைக்கதவுகள், வைஃபை பெட்டிகள், கேமராக்கள் எல்லாம் தங்களுக்கு நடந்ததை நடந்த நேரத்தோடு ஒரு வரி எழுதி படூருக்கு அனுப்பிவிடும். எந்தக் கதவு, எந்தக் கார்டு, எத்தனை மணி. அத்தனை வரிகளும் மலீஹாவின் திரையில் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். எங்காவது கோளாறு தெரிந்தால் சொல்வதுதான் அவள் வேலை. கோளாறு தினமும் வருமா என்ன? மற்ற நேரமெல்லாம் அவள் கனவு கண்டாள்.

சம்பளம் கொடுத்துக் கனவு காண உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். அவள் கனவு கண்டதும் அந்த வரிகளைப் பற்றித்தான். மகாபலிபுரத்து விடுதியில் பன்னிரண்டாம் அறை விடியற்காலையில் திறந்தால், யாரோ சூரியன் எழுவதைப் பார்க்க வெறுங்காலோடு மணலில் இறங்குகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள். கார்டுகளுக்கு எண்தான் உண்டு, பெயர் கிடையாது. பெயர்களை அவளே வைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் சுறுசுறுப்பாகும் ஒரு கார்டுக்குப் 'பந்திக்கு முந்தி' என்று பெயர். காலையில் எல்லாக் கார்டுக்கும் முன்னால் எழுந்து துணி அறையைத் திறக்கும் ஒரு கார்டுக்கு 'விடிவெள்ளி'. இரண்டு வருடமாக, மலீஹாவின் ஒவ்வொரு நாளும் விடிவெள்ளி திறக்கும் அந்தக் கதவோடுதான் தொடங்கியது.

சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக்காரன் கோட்டைக்கு இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. அவளும் அம்மா ஜஹனாராவும் மட்டும். கூடத்துக் கடிகாரம் பதினைந்து நிமிடம் முன்னால் ஓடும். பஸ் தவறக் கூடாது என்று அத்தா உயிரோடு இருந்தபோது தள்ளி வைத்தது. இன்றுவரை யாரும் அதைத் தொடவில்லை. அதனால் ஒரு குழப்பமும் வந்ததில்லை, ஏனென்றால் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு விஷயம் தெரியும். மணி எட்டு காட்டினால் ஏழே முக்கால் என்று கணக்குப் போட்டுக்கொண்டு அம்மா நிதானமாக தோசை வார்ப்பாள்.

"இன்னாடி, மறுபடியும் கனாவுலயே கீற? நாஸ்தா ஆறுது பாரு."

"வந்துகினே கீறேம்மா."

இப்படித்தான் நாட்கள் போயின, தை மாதத்தில் அந்த பைனாகுலர் காணாமல் போகிறவரை.

மகாபலிபுரத்து விடுதியில், ஏழாம் அறையில், வயதான வெள்ளைக்காரர் ஒருவர் தங்கியிருந்தார். பறவை பார்ப்பதற்கென்றே ஊர் ஊராகப் போகிறவர். பிற்பகலில் வெளியே போனேன், இருட்டிய பின் திரும்பினேன், மேசை மேல் வைத்திருந்த பைனாகுலரைக் காணோம் என்றார். செத்துப்போன மனைவி வாங்கித் தந்ததாம். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது என்று வரவேற்பில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் காலை, மலீஹாவின் மேலதிகாரி ராஜாராம் அவள் மேசைக்கு வந்தார். "மலீஹா, ஏழாம் ரூம், நேத்து மத்தியானம். யார் போனா யார் வந்தான்னு கொஞ்சம் வரிசையா எடுத்துக் குடும்மா."

எடுத்துக் கொடுத்தாள். அது ஒரு வேலையே இல்லை. வாசல் கேமராவின் வரிப்படி அந்தப் பெரியவர் வெளியே போனது மூன்று மணி ஐந்து நிமிடம். கதவின் வரிப்படி ஏழாம் அறையைப் பணியாளர் கார்டு ஒன்று திறந்தது மூன்றே கால். அதற்குப் பிறகு ஆறரைக்கு அவரே வந்து திறந்தார். நடுவில் வேறு யாரும் இல்லை. ஆள் போனார், பத்து நிமிடத்தில் கார்டு வந்தது. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற வரிசை.

அந்தக் கார்டு விடிவெள்ளி. மலீஹா அந்த எண்ணை இன்னொரு முறை படித்துப் பார்த்தாள். ஆனாலும் அனுப்பினாள். இயந்திரம் பொய் சொல்லாது என்று நமக்கெல்லாம் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறதே, அது அவளுக்கும் இருந்தது.

மதியத்துக்குள் பதில் வந்தது. விடிவெள்ளிக்கு முதல்முறையாக ஒரு பெயரும் வந்தது. வேண்டா, அறை சுத்தம் செய்பவர், ஊர் திருக்கழுக்குன்றம் பக்கம். கடைசிப் பெண்ணாகப் பிறந்ததற்கு அப்பன் வைத்த பெயர். அவள் சொன்னதையும் கீழே ஒரு வரியாகப் போட்டிருந்தார்கள். நான் துண்டு வைக்கப் போனபோது பெரியவர் பால்கனியில்தான் இருந்தார், கூப்பிட்டேன், திரும்பவில்லை, வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்றாளாம். பெரியவரோ, நான் இருந்தவரை அறைக்குள் யாருமே வரவில்லை என்றார். அவளை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. மாலைக்குள் விடுதி மேலாளர் கோபாலகிருஷ்ணன் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போகிறார்.

புகார் என்றால் தெரியும்தானே? குற்றம் பிறகு நிரூபணம் ஆகட்டும் ஆகாமல் போகட்டும். ஜீப் ஒருமுறை அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் போதும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அப்புறம் அந்தக் கரையில் எந்த விடுதியும் வேண்டாவுக்குக் கதவு திறக்காது.

மலீஹா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. இரண்டு வருடமாக எனக்கு விடியலைக் காட்டியவள், என் கையால் எழுதிய வரிசையால் திருடியானாளே என்று அவளுக்கு அழுகை வந்தது. முகத்தையாவது ஒருமுறை பார்ப்போம் என்று வாசல் கேமராவின் முந்தைய நாள் பதிவை ஓடவிட்டாள். அதுவரை அவள் வரிகளைத்தான் படித்திருந்தாள், படத்தைப் பார்க்கவே இல்லை.

படத்தில் வேண்டா வருவதற்கு முன் அந்தப் பெரியவர் வந்தார். வெள்ளைத் தொப்பி, தோளில் துணிப்பை. வாசலைத் தாண்டி ஆட்டோவில் ஏறினார். மூலையில் நேரம் மூன்று ஐந்து. அவருக்குப் பின்னால், வேப்ப மரத்தடியில், காவலாளி, அவள் ஊர்க்காரரான மதார் சாகிப் பாயை விரித்துத் தொழுதுகொண்டிருந்தார். வெயில் இலைகளுக்கு நடுவே விழுந்து அவர் முதுகில் ஆடியது. மலீஹா அந்த வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல அவள் மனம் படத்துக்குள் நடந்து போனது. மரத்தடியில் நின்றது, கடற்காற்று வாங்கியது, பாங்கு சொல்வது கேட்கிறதா என்று காது கொடுத்தது.

கேட்கவில்லை. மூன்று மணிக்கு எப்படிக் கேட்கும்?

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். தை மாதத்தில் பிற்பகல் தொழுகையான அஸருக்கு நேரம் மூன்றரைக்கு மேல்தான் வரும். மதார் சாகிப் நேரத்துக்கு முன்னால் தொழுகிறவரா? சதுரங்கப்பட்டினத்துப் பள்ளிவாசலில் பாங்கு ஒரு நிமிடம் முந்தினாலே மோதினாரிடம் மல்லுக்கு நிற்கிற மனிதர். நண்பகல் தொழுகையான லுஹராக இருக்குமோ என்றால், அதை அவர் சாப்பாட்டு வேளையிலேயே பள்ளிவாசலில் முடித்துவிடுவார். அவர் அங்கே கைகட்டி நிற்கிறார் என்றால் மணி மூன்றரையைத் தாண்டியிருக்க வேண்டும். கேமரா என்ன சொன்னால் என்ன.

மலீஹா வாசலுக்கு போன் போட்டாள்.

"சாச்சா, நான் மலீஹா. மதார் சாச்சா, ஒரு உதவி. கேமராவுக்கு முன்னாடி வந்து கையை ஆட்டுங்க."

"இன்னாம்மா, சினிமாவா எடுக்கறே?"

"ஆட்டுங்க சாச்சா, சொல்றேன்."

திரையில் அவர் வந்து நின்றார். வெள்ளைத் தாடியோடு, கொஞ்சம் வெட்கப்பட்டு, கையை ஆட்டினார். மலீஹாவின் கைக்கடிகாரத்தில் இரண்டு மணி. படத்தின் மூலையில் ஒன்று இருபது. அந்த நொடி அவளுக்கு ஒரு விசித்திரமான மயக்கம் வந்தது. கண் முன்னால், இந்த நிமிடத்தில், ஒரு மனிதர் நாற்பது நிமிடத்துக்கு முந்தைய பகலில் நின்று கையசைக்கிறார். அந்த வாசலைக் கடந்து போனவர்கள் எல்லாம் நாற்பது நிமிடம் இளமையாகிப் போயிருக்கிறார்கள்.

"சாச்சா, இந்த கேமராவோட டைம் தப்பா கீது. எப்பத்திலேர்ந்து?"

மதார் சாகிப் சிரித்துவிட்டார். "அதுவா? பொறந்ததுலேர்ந்தே அப்டித்தாம்மா. மாட்டுன அன்னிக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் வந்துடும், அதுக்குள்ள ஓட விடணும்னாரு மேனேஜரு. மாட்ற பையன் டிராபிக்ல மாட்டிகினு பதினோரு மணிக்கு வர்றான். இவரு இன்னா பண்ணாரு, டைமைப் பின்னாடி வை, மொதல் படம் நல்ல நேரத்துல விழட்டும்ன்ட்டாரு. தேங்கா ஒடைச்சோம், கேசரி துன்னோம். அப்புறம் யாரு அதைத் திருப்புனா?"

விதியை ஏமாற்றுகிறேன் என்று நம் ஆட்கள் செய்கிற வேலை இது. வீட்டில் செய்தால் பாதகமில்லை. கூடத்துக் கடிகாரம் பொய் சொன்னாலும் அம்மாவுக்கு அது தெரியும். படூருக்கு யார் சொன்னது? கதவுகளெல்லாம் படூர்க் கடிகாரத்தைக் கேட்டுக் கேட்டுத் தங்களைச் சரிசெய்துகொள்ளும். கேமராவை அப்படிக் கேட்கும்படி யாரும் வைக்கவில்லை. அதைச் சரிபார்க்க வேண்டியவள் மலீஹாதான். ஒருநாளும் பார்க்கவில்லை. இரண்டு வாய்கள், இரண்டு நேரம். அவள் இரண்டையும் ஒரே நூலில் கோத்துவிட்டாள்.

நாற்பது நிமிடத்தைச் சேர்த்து மறுபடி அடுக்கினாள். மூன்றே காலுக்கு வேண்டா துண்டு வைக்கப் போனாள். பெரியவர் புறப்பட்டதோ மூன்றே முக்காலுக்கு. வேண்டா சொன்னது சொன்னபடி. பெரியவர் பால்கனியில் உட்கார்ந்து, கடலைத் தவிர உலகில் ஒன்றுமே இல்லை என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் போனதிலிருந்து திரும்பும்வரை ஏழாம் அறையை யாரும் திறக்கவே இல்லை.

ராஜாராமிடம் ஓடினாள். "சார், நான் குடுத்த வரிசை தப்பு. முன்னாடி நடந்ததைப் பின்னாடி போட்டுட்டேன். வேண்டா மேல ஒண்ணும் இல்ல."

அவர் நல்ல மனிதர்தான், ஆனால் அனுப்பிய அறிக்கையைத் திரும்பப் பெறுவது யாருக்கு இனிக்கும்? "நல்லாப் பாத்தியா? மறுபடியும் மாறிடாதே?" என்றார். மலீஹா மதார் சாகிப்பை இன்னொரு முறை கையாட்டச் சொன்னாள். ராஜாராம் படத்தைப் பார்த்தார், தன் கடிகாரத்தைப் பார்த்தார், போனை எடுத்தார். கோபாலகிருஷ்ணன் அப்போது புகாரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாராம்.

பைனாகுலர் அன்று மாலையே கிடைத்தது. அறையில் தொலையவில்லை என்றால் எங்கே போனீர்கள் என்று பெரியவரைக் கேட்டார்கள். கழுகு பார்க்கத் திருக்கழுக்குன்றம் மலைக்குப் போயிருக்கிறார். அடிவாரத்தில் செருப்போடு துணிப்பையையும் கடைக்காரம்மாவிடம் விட்டிருக்கிறார். இறங்கி வந்தபோது பை கிடைத்தது. பையிலிருந்து நழுவிய பைனாகுலரோ செருப்புகளுக்கு நடுவில் கிடந்திருக்கிறது. அந்த அம்மாள் அதை எடுத்துச் சாமி படத்துக்குக் கீழே பத்திரமாக மாட்டி வைத்திருந்தாள். மனைவியின் ஞாபகத்தை மேசை மேல் வைத்ததாக மனிதர் மனதார நம்பியிருந்தார். அவரையும் என்னவென்று திட்டுவது?

இரண்டு நாள் கழித்து மலீஹா மகாபலிபுரத்துக்குப் போனாள். கேமராவைப் படூர்க் கடிகாரத்தோடு தானே கட்டிப்போட்டாள். இனி ஐந்து விடுதிகளிலும் ஒரே நேரம். பிறகு துணி அறைக்குப் போனாள். வேண்டா துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். மெலிந்த உடம்பு, ஐம்பது வயதிருக்கும். மலீஹா நினைத்து வைத்திருந்த விடிவெள்ளி இளம் பெண்.

"அக்கா, அந்த அறிக்கையைக் குடுத்தது நான்தான். என்னை மன்னிச்சிடுங்க."

வேண்டா மடிப்பதை நிறுத்தவில்லை. "நீ இன்னா பண்ணுவே பாப்பா. மிஷினு சொல்லிச்சு." இன்னொரு துண்டை எடுத்தாள். "எம் புள்ள கேட்டான், எடுத்தியாம்மான்னு. ஒரே ஒரு வாட்டிதான் கேட்டான்."

மலீஹாவும் ஒரு துண்டை எடுத்து மடித்தாள். சரியாக மடிக்க வரவில்லை. வேண்டா அதை வாங்கி, பிரித்து, திரும்ப மடித்து அடுக்கினாள்.

அன்று முதல் படூர்த் திரையில் புதிதாக ஒன்று நடக்கிறது. வேலை முடிந்து போகும்போது வேண்டா வாசலில் நிற்பாள். மதார் சாகிப்பைப் பார்த்து ஏதோ கேட்பாள். அவர் மணிக்கட்டைப் பார்த்துப் பதில் சொல்வார். அவள் தலையை உயர்த்தி, கேமராவை நேராகப் பார்த்து, அந்த நேரத்தையே ஒருமுறை சொல்வாள். அந்தப் பார்வையில் கோபமில்லை. கோபம் இருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். கேமராவுக்குக் காது கிடையாது என்பதால் உதடு அசைவது மட்டும் தெரியும்.

மலீஹா இப்போதெல்லாம் அந்த நேரத்தில் கனவு காண்பதில்லை. திரைக்கு முன்னால் எழுந்து நின்று, மூலையில் உள்ள நேரத்தைப் பார்த்து, தன் கடிகாரத்தையும் பார்த்து, நாலாவது மாடியில் யாருக்கும் கேட்காத குரலில் சொல்கிறாள்.

"ஆமாங்க்கா. சரியாத்தான் கீது."