பவுடர் டப்பாவும் தம்பியின் கைகளும்

என் தம்பியைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைவிட எட்டு வயது இளையவன். அவனுக்கு இன்னும் முடி கொட்டவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் சொந்தக்காரப் பிள்ளைகள் அவன் கையைத்தான் பிடித்துத் தொங்குவார்கள். இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சகித்தவன் நான். அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் தாங்க முடியாமல் போனது.

விருத்தாசலத்தில் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் குடியிருக்கிறோம், ஒரே பீங்கான் பட்டறையில் வேலை செய்கிறோம். அவனுக்குச் சூளையில் அடுக்குகிற வேலை. இன்னும் சுடாத பொம்மைகளை நீளப் பலகையில் வரிசையாக வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு போவான். ஒரு பொம்மைகூட அசையாது. எனக்கு வார்ப்பு வேலை. தோசை மாவுப் பதத்தில் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அச்சு தண்ணீரைக் குடிக்கும், மண் உள்பக்கமாகச் சுவர் கட்டும். போதுமான கனம் வந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துவிடுவேன். இருபது வருடமாக ஊற்றிக் கவிழ்த்ததில் என் கைக்குப் பெரிய பலம் எதுவும் வந்துவிடவில்லை.

அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து பாத்ரூமுக்கும் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை தூக்க வேண்டியிருந்தது. முதல் தடவை நான்தான் மூத்தவன் என்ற மிதப்பில் போய் அள்ளினேன். பாதித் தூரத்தில் கை வெடவெடவென்று நடுங்கியது. அப்பா கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“உடுறா, உடுறா. சின்னவன வரச் சொல்லு.”

தம்பி வந்தான். ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையைத் தொடைக்கும் கொடுத்துத் தூக்கினான். அப்பா அவன் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, “உங்க தம்பி தூக்குனா மாமாவுக்கு அலுங்கவே இல்லீங்க” என்றாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்கு மிளகாயைக் கடித்ததுபோல் இருந்தது.

அவன் ரகசியம் என்ன என்று எனக்குத் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காலையில் ஆறு முட்டை அவித்து வெள்ளையை மட்டும் தின்பான். ஊறவைத்த கொண்டைக்கடலை, மதியம் மீல்மேக்கர், சாயங்காலம் வேர்க்கடலை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜிம்முக்கும் போவான். ஜிம்முக்குப் போவதை நான் வெட்டி பந்தா என்று தள்ளிவிட்டேன். தின்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

யாருக்கும் தெரியாமல் ஒரு புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கினேன். அதன் மேல் ஒரு கை மட்டும் படமாக இருக்கும். என் தொடையைவிடப் பருமன். அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் தம்பி சிரிப்பான் என்று பட்டறையில் பழைய அச்சுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் வெளியே எடுப்பேன். கரைக்கிற வேலையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீரில் பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, கட்டி தட்டாமல் கலக்கி, சல்லடையில் வடிகட்டி, நுரை அடங்கும் வரை வைத்திருந்து குடிப்பேன். ஒரு கரண்டி போடச் சொல்லியிருந்தது. நான் மூன்று போட்டேன். சுவர் சீக்கிரம் கனக்கட்டும் என்ற ஆசைதான்.

இதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. குடித்ததும் ஒரு பலகையில் மல்லாந்து படுத்துவிடுவேன். அசையவே மாட்டேன். மண் சுவர் கட்டும்போது அச்சைத் தட்டினால் கனம் ஒரு பக்கமாகப் போய்விடும் என்பது வார்ப்பு வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். உடம்புக்கும் அதுவேதான் கணக்கு என்று நினைத்தேன். கொசு கடித்தால்கூடக் கையைத் தூக்காமல் கிடந்திருக்கிறேன். புரோட்டீன் போய் ஒட்டுகிற நேரத்தில் கையை ஆட்டிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்வானேன்!

ஒரு மாதத்தில் பலன் தெரிந்தது. பேண்ட் கொக்கி மாட்டவில்லை. வயிறு எப்போதும் உப்பிக்கொண்டு, பட்டறையில் என் பக்கத்தில் யாரும் நிற்க முடியாத நிலை. கை மட்டும் அப்படியே இருந்தது.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. தம்பிக்குச் சூளை அடுக்கும் முறை, நான் வீட்டில் இருந்தேன். பத்து மணிக்கு “பாத்ரூம் போவணுமாப்பா?” என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பதினொன்றுக்குக் கேட்டேன். வேண்டாம் என்றார். முகம் சுருங்கியிருந்தது, கால் விரல்கள் மடங்கியிருந்தன. “நான் தூக்குறேம்பா, மெதுவா தூக்குறேன்” என்றேன். “சின்னவன் வந்துடுவான்” என்று மட்டும் சொன்னார். அவன் வருவதற்குள் படுக்கை நனைந்துவிட்டது. நான் போர்வையை மாற்றும்போது அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் கையில் தூக்கப்படுவதைவிட ஈரத்தில் கிடப்பது மேல் என்று என்னைப் பெற்றவரே முடிவு செய்திருந்தார். கொல்லைப் பக்கம் போய் அழுதேன். அழும்போதும் தம்பி மேல்தான் கோபம் வந்தது.

அந்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து உடற்பயிற்சி சொல்லித்தருகிற பெண் வந்தார். சின்ன வயதுதான், ஆனால் நறுக்கென்று பேசுவார். அப்பாவின் தொடையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். கஞ்சி, ரசம் சாதம், பிஸ்கட் என்றாள் என் மனைவி. ஆபரேஷன் உடம்புக்கு முட்டை சூடு என்று நிறுத்தியிருந்தோம். “காலைல முட்டை, மதியம் பருப்பும் மீனும், சாயங்காலம் சுண்டலு, ராத்திரி ஒரு டம்ளர் பாலு. ஒரே வேளையில திணிக்காதீங்க, பிரிச்சுக் குடுங்க. வயசானவங்களுக்கு இது ரொம்ப முக்கியம்” என்றார்.

நான் மெல்ல, ஒரு சிநேகிதனுக்காகக் கேட்பதுபோல், பவுடர் விஷயத்தைக் கேட்டேன். மூன்று கரண்டி, அசையாமல் படுக்கை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“சாப்பிட்ட புரோட்டீன் வயித்துல பொடிப்பொடியா உடைஞ்சு ரத்தத்துல போவுதுங்க. தசைக்கு வேலை குடுத்தாத்தான் அது அதை இழுத்து வச்சுத் தன்னைக் கட்டிக்கும். சும்மா படுத்துக் கிடந்தா எதுக்குக் கட்டணும்? மிஞ்சினதை உடம்பு எரிச்சிடும், இல்லாட்டி கொழுப்பா ஒதுக்கிடும்.” என் வயிற்றைப் பார்த்தார். “உங்க சிநேகிதருக்குத் தொப்பை வந்திருக்குமே?”

அப்போது தம்பி உள்ளே வந்து, வழக்கம்போல அப்பாவை அப்படியே அள்ளினான். அந்தப் பெண் பாராட்டப் போகிறார் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் அவர் அதட்டினார்.

“கீழ வைங்க! எத்தனை நாளா இப்படித் தூக்குறீங்க? நிக்க வைக்கச் சொல்லித்தானே அனுப்புனாங்க? நீங்க தூக்கத் தூக்க அவரு காலு வேலையே செய்யல. அதான் தொடை இப்படி வத்திப் போச்சு.”

தம்பி முகம் கறுத்தது. எனக்குள் பட்டாசு வெடித்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்பாவின் தொடை வற்றிய செய்தியைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன்.

ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பி மூலையில் கிடந்த வாக்கரை அப்பாவுக்கு முன்னால் வைத்து, அக்குளில் லேசாகத் தாங்க மட்டும் சொன்னார். தம்பி தாங்கினான். அப்பா பழக்க தோஷத்தில் மொத்தப் பாரத்தையும் அவன் மேல் போட்டுவிட்டார். கால் துணிபோலத் தொங்கியது. மூன்று தடவை முயன்றும் அப்படியே. “நீங்க வாங்க” என்று என்னைக் கூப்பிட்டார்.

நான் போய்த் தாங்கினேன். கை வெடவெடத்தது. அப்பா என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், வாக்கரை எட்டிப் பிடித்துக் காலைத் தரையில் ஊன்றினார். முழங்கால் ஆடியது. நரம்பு புடைத்தது. நின்றுவிட்டார். இரண்டரை மாதத்துக்குப் பிறகு என் அப்பா என் உயரத்துக்கு நின்றார். அந்தப் பெண் பத்து வரை எண்ணினார்.

அப்பா உட்கார்ந்ததும் தம்பி ஓடிவந்து கையை நீட்டினான். “இப்ப நான் புடிக்கிறேம்பா.”

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே தலையாட்டினார். “வேணாண்டா. நீ புடிச்சா எனக்குத் தைரியம் வந்துடுது, காலு தூங்கிடுது. பெரியவன் புடிச்சா உசுரு பயம். அதுல காலு தானா நிக்கிது.”

எல்லோரும் சிரித்தார்கள், என் மனைவி உட்பட. தம்பி சிரிக்கவில்லை. நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். அப்பாவை அத்தனை நாளும் அலுங்காமல் தூக்கியவன் அவன். ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். “நீயும் இந்தப் பக்கம் வந்து புடிடா” என்று கூப்பிட்டிருக்கலாம்.

நான் அவனைப் பார்த்துக்கொண்டே, “இன்னொரு வாட்டி நிக்கலாமாப்பா?” என்றேன்.