அண்ணன் வண்டிக்கு வேண்டாத பெட்ரோல்

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அதுவும் இயந்திரப் பொறியியல். ஆனால் சத்தத்தை வைத்தே எஞ்சினின் நோயைச் சொல்பவன், பத்தாவதோடு நின்ற என் அண்ணன்தான். சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். வருகிறவர்களிடமெல்லாம், "சாதா பெட்ரோலே போதும் சார். கழுதைக்குக் குங்குமப்பூ எதுக்கு?" என்பான்.

அப்படிப்பட்டவன் ஆறு மாதமாகத் தன் ஓட்டை வண்டிக்கு விலை கூடின பிரீமியம் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தான். காரணம், சகலை. அண்ணியின் தங்கை புருஷன்.

சகலை புது வண்டி வாங்கியிருந்தார். "சின்ன மாப்பிள்ளை வண்டி குடிக்கிறதே தனி பெட்ரோலாம்" என்று மாமனார் போகிற இடமெல்லாம் சொன்னார். அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

"உன் எஞ்சினுக்கு இது தண்டம்ணே. அழுத்தம் அதிகமா இருக்கிற எஞ்சினுக்குத்தான் பிரீமியம்."

"தெரியும்டா. எனக்கே பாடம் எடுக்காத."

தெரிந்தே போட்டான். அதுதான் பொறாமை.

போன வாரம் அண்ணியின் தங்கை அந்தப் புது வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டி வந்தாள். "மேடு ஏறினா டொக்கு டொக்குங்குது மாமா."

அண்ணன் பெட்ரோல் மூடியைத் திறந்தான். உள்பக்கம் 'பிரீமியம் மட்டும்' என்று ஒட்டியிருந்தது. "என்ன பெட்ரோல் போடறீங்க?"

அவள் சிரித்துவிட்டாள். "அப்பா கூட வந்தா பிரீமியம், அதுவும் அஞ்சு லிட்டர். மத்த நாளெல்லாம் சாதாதான். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க மாமா."

அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

"மாமனார்கிட்ட போட்டு உடைச்சிடேன்" என்றேன்.

"உடைச்சா? 'நீ என்ன போடறே'ன்னு திருப்பிக் கேப்பாரு. மெக்கானிக் மானம் போச்சு. அவளுக்கும் வம்பு."

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இரண்டு வண்டியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். மாமனார் வழக்கம்போலச் சின்ன மாப்பிள்ளை வண்டியில். பங்க்கில் எங்கள் வண்டி முன்னால் நின்றது. "சாதா" என்றான் அண்ணன், பின்வண்டிக்குக் கேட்கும்படி. ஆறு மாதத்தில் முதல்முறை.

பிறகு இறங்கிப் பின்னால் போனான். சகலை ஐந்து விரலைக் காட்டுவதற்குள், குழாய் பிடித்திருந்த பங்க் பெண்மணியிடம், "பிரீமியம். டேங்க் நிரம்பப் போடுங்கம்மா. என் சகலை இதைத்தவிர வேற தொடமாட்டாரு!" என்றான்.

"பார்த்தியா! பெரிய மாப்பிள்ளையே ஒத்துக்கிட்டாரு" என்று மாமனார் பூரித்தார். சகலையின் கண் மீட்டரைவிட்டு நகரவில்லை. எண் ஓட ஓட முகம் சுருங்கியது.

அண்ணன் ஜெயித்த களிப்போடு வந்து ஏறுவான் என்று நினைத்தேன். அவனோ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியில் பின்வண்டியையே பார்த்தான். அது கிளம்பி, டொக்கு இல்லாமல் வழுக்கிக்கொண்டு எங்களைத் தாண்டி மேடேறியது.

"எவ்வளவு நல்ல எஞ்சின்டா!" என்றான். "போயும் போயும் அவன்கிட்டயா மாட்டணும்!"