வெலிகாவின் சந்தேகம்

டாக்டர் பேசி முடிப்பதற்குள் ஒரு காபி ஆறிப்போயிருக்கும். நடுவில் இரண்டு முறை தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ஒரு தாளில் படம்கூட வரைந்தார். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்ட தோமே, அம்மாவின் பக்கம் திரும்பி, “ஒண்ணுமில்லம்மா. மாத்திரையை ஒழுங்கா சாப்பிடணுமாம்” என்றான்.

“அதுக்கா இவ்வளவு நேரம்?”

“டாக்டருங்க அப்படித்தாம்மா.”

வெலிகாவுக்கு அன்றைக்கே உறுத்தியது. ஆஸ்திரேலியாவில் போர்ட் கெம்ப்ளாவுக்கு வந்து ஐம்பது வருஷம் ஆகியும் அவளுக்கு இங்கிலீஷ் வரவில்லை. வரவேண்டிய தேவையும் இருக்கவில்லை. சட்டைத் தொழிற்சாலையில் வலப்பக்கத்து மெஷினில் மக்கெதோனியாவின் பிதோலா ஊர்க்காரி, இடப்பக்கத்து மெஷினில் தன் சொந்த ஊர்க்காரி. கடை, சர்ச், கல்யாணம் எல்லாம் மக்கெதோனிய மொழியிலேயே நடந்தன. மற்றதற்கெல்லாம் தோமே இருந்தான். ஏழு வயதிலிருந்து பேங்க், ஸ்கூல், ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் அவன்தான் அவளுக்கு வாய்.

அந்த வாயின் லட்சணமும் அவளுக்குத் தெரியும். ஒன்பது வயதில் ஸ்கூல் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டான். கூப்பிட்டனுப்பிய டீச்சர் கோபத்தோடு பேசப் பேச, “நான் நல்லா படிக்கிறேனாம்மா” என்று சொன்னவன் அவன். டீச்சருக்கு நன்றி சொல்லிக் கையைக் குலுக்கிவிட்டு வந்தாள் வெலிகா. உண்மை தெரியவர ஒரு மாதம் ஆனது.

இப்போது எழுபத்திரண்டு வயதில், மூச்சு வாங்குகிறது என்று இரண்டாவது முறையாக ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தாள். தோமே வேலைக்குப் போன நேரத்தில், பிலிப்பைன்ஸ்காரி நர்ஸ் மரிசெல் ஒரு சின்னப் புத்தகத்தோடு வந்தாள். ஒரு பக்கம் இங்கிலீஷ், எதிர்ப்பக்கம் நோயாளியின் மொழி, நடுவில் படங்கள். விரலால் தொட்டுத் தொட்டுப் பேசிக்கொள்ளலாம்.

முதலில் வந்தது செர்பியப் புத்தகம். வெலிகாவுக்கு அது நன்றாகவே புரிந்தது. ஆனாலும் அது தன் மொழி இல்லையே என்று புரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் சரியான புத்தகம் வந்தது.

‘வலி இருக்கிறதா?’ மரிசெல்லின் விரல் வரியின் மேல் நின்றது. ‘இல்லை’ என்பதைத் தொட்டாள் வெலிகா. ‘இன்று மலம் கழித்தீர்களா?’ இதை எதற்குக் கேட்கிறாள்? கேட்டதோடு விடாமல் எழுதிவேறு வைக்கிறாளே? அந்தக் காகிதம் யாரிடம் போகிறது? எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கேள்விகளுக்குப் பொய்யான பதிலைத் தொட்டாள்.

மரிசெல் புத்தகத்தைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். வெலிகா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தாள். கடைசிக்கு முந்தின பக்கத்தில் இருந்தது: ‘உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா? கட்டணம் இல்லை.’ அவள் திடுக்கிட்டாள். ஐம்பது வருஷமாக இதை யாரும் அவளிடம் சொன்னதில்லை. தோமேயும் சொல்லவில்லை.

மரிசெல் திரும்பி வந்ததும், டாக்டர் நெஞ்சைத் தொட்டுக் காட்டிப் படம் வரைந்ததை நினைத்து, வெலிகா ‘அறுவை சிகிச்சை’ என்ற சொல்லைத் தொட்டுப் புருவத்தை உயர்த்தினாள். மரிசெல் கட்டிலின் கால்மாட்டில் இருந்த கோப்பைப் புரட்டினாள். முகம் மாறியது. தயங்கியபடி மூன்று இடங்களைத் தொட்டாள். ‘அறுவை சிகிச்சை.’ ‘நீங்கள்.’ ‘வேண்டாம்.’

“நானா? நானா வேண்டாம்னேன்?” வெலிகா தன் மொழியிலேயே கத்திவிட்டாள். பிறகு மொழிபெயர்ப்பாளர் வரியில் விரலை அழுத்தி வைத்தாள். மரிசெல் தலையாட்டிவிட்டு ஓடும்வரை எடுக்கவில்லை.

மத்தியானம் டாக்டர் வந்தார். மேஜைமேல் வைத்த போனிலிருந்து ஒரு பெண்குரல் சுத்தமான மக்கெதோனிய மொழியில் வணக்கம் சொன்னது.

“நீ எந்த ஊரு? யாரு பொண்ணு?” வெலிகா உடனே கேட்டாள். தெரிந்த வீட்டுப் பெண்ணாக இருந்தால், நாளைக்கு சர்ச்சில் எல்லோரும் தன் நெஞ்சைப் பற்றிப் பேசுவார்களே?

“அதெல்லாம் சொல்லக்கூடாது அத்தை. இங்க பேசினது வெளிய போகாது. அவர் சொல்றதை அப்படியே சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.”

அப்படியே சொன்னாள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. மாற்றாவிட்டால் இரண்டு வருஷம் தாங்குவது கஷ்டம். மாற்றுவதிலும் ஆபத்து உண்டு, ஆனால் பிழைக்கவே வாய்ப்பு அதிகம். அம்மா பயப்படுகிறார், வேண்டாம் என்கிறார் என்று மகன் போன தடவையே சொல்லிவிட்டார்.

சாயங்காலம் தோமே வீட்டில் வேகவைத்த பீன்ஸோடு வந்தான். டப்பாவைத் திறக்கவிடவில்லை அவள்.

“டேய், நான் எப்படா வேண்டாம்னு சொன்னேன்?”

மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் திறந்து கிடந்த புத்தகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

“என்னை எதுக்குடா கொல்லப் பாக்குற? வீட்டுக்கா?”

“அம்மா!” நாற்பத்தெட்டு வயது ஆண், நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். “அப்பாவுக்கு ஆபரேஷன்னப்போ டாக்டர் சொன்னதெல்லாம் யாரு சொன்னது அவருக்கு? நான்தானே. நல்லாயிடும்பா, கையெழுத்துப் போடுங்கன்னு என் வாயாலதான் சொன்னேன். அவரும் போட்டாரு. திரும்பி வரலை. அதையே மறுபடி உங்ககிட்ட சொல்ல என்னால முடியலம்மா.”

அவள் புருஷன் ஸ்பாசே போய்ப் பதினோரு வருஷம். இரும்பாலையின் சூட்டில் முப்பது வருஷம் நின்ற மனிதன். சாவுக்கு யாரைக் குற்றம் சொல்வது என்று வெலிகா டாக்டரை நினைத்திருக்கிறாள், கடவுளை நினைத்திருக்கிறாள். மகன் தன்னையே குற்றவாளியாக நினைத்துக்கொண்டிருப்பான் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. வீட்டைப் பற்றிக் கேட்ட நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“டாக்டரு சொன்னாரு, நீ சொன்னே. அவ்வளவுதான்டா” என்றாள் மெதுவாக. “இனிமே டாக்டர் பேசும்போது நீ வெளிய போய் உக்காரு.”

ஆனாலும் உடனே கையெழுத்துப் போட்டுவிடவில்லை. மறுநாள் வேறொரு மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கி, அதே கேள்விகளை டாக்டரிடம் திரும்பக் கேட்டாள். இந்தத் தடவை ஓர் ஆண்குரல். முந்தின நாள் பெண்குரல் சொன்னதையும் இதையும் ஒட்டிப் பார்த்தாள். இரண்டு வருஷம் என்பது இரண்டு வருஷமாகவே வந்தது. ஆபத்தும் அதே அளவில் வந்தது. டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவள் சிரிக்கவில்லை. மரிசெல்லைக் கூப்பிட்டு, முதல் நாள் தொட்ட இரண்டு பொய்களையும் திருத்தினாள். பிறகுதான் பேனாவைக் கேட்டாள்.

மார்ச் மாதம் வால்வை மாற்றினார்கள். கண் விழித்தபோது தோமே அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். மூச்சு தடையில்லாமல் உள்ளே போய் வெளியே வந்தது.