மன்னிக்காமல் போன டாக்டர் டோனல்

டாக்டர் டோனல் இறந்துவிட்டார் என்ற செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் அவருடைய எதிரி. நீலாயில் தொழிற்சாலைப் பெண்களை இறக்கிவிட்டு, வேனிலேயே பசியாறிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் நம் தோட்டத்துக் கோயில் தலைவர். "சரசு, ஒன் வெள்ளக்காரன் போயிட்டானாம்லா. அயர்லாந்துல, தங்கச்சி வீட்டுல. பேஸ்புக்ல போட்டிருக்காங்க. பாவம், நல்ல மனுசன். இனிமேயாச்சும் பழசையெல்லாம் விட்டுடலாமே" என்றார். துக்கம் விசாரிக்கக் கூப்பிட்டவர் குரலில் விருந்து சாப்பிட்ட திருப்தி இருந்தது. கைப்பேசியை வைத்துவிட்டேன். பிறகு ஸ்டீயரிங்கில் தலை சாய்த்து அழுதேன். அழுது முடிந்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். டாக்டரை அறிந்தவர்களுக்கு இந்தக் கோபம் புதிதல்ல.

அவர் ஊசி போடும் டாக்டர் இல்லை, சரித்திர டாக்டர். இதை எத்தனை முறை விளக்கினாலும் நம் ஆட்கள் அவரிடம் முழங்கால் வலிக்கு மருந்து கேட்பதை நிறுத்தவில்லை. அயர்லாந்தின் மேற்குப் பக்கத்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் காலத்தில் பண்ணையார் ஆட்கள் வந்து வீட்டுக் கூரையைப் பிடுங்கிப்போட்டுக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தினார்களாம். அந்தப் பண்ணையாரின் பெயரை, நேற்று பசாரில் சண்டை போட்டவன் பெயரைச் சொல்வதுபோல் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். வாலிப வயதில் ஒரு மிஷன் பள்ளியில் பாடம் சொல்லித்தரத் தென்னாப்பிரிக்கப் பக்கம் போனவர், அங்கேயே பாதி ஆயுளைக் கழித்துவிட்டார். தலைமுறை தலைமுறையாக உழைத்த கறுப்பின மக்களை வெள்ளைக்காரப் பண்ணைகள் லாரியில் ஏற்றி எங்கோ கொண்டுபோய்க் கொட்டியதை நேரில் பார்த்தவர். அந்த மக்கள் இறந்தவர்கள் கடைசியாகப் புழங்கிய தட்டையும் கோப்பையையும் சமாதிமேல் வைப்பார்களாம். அவற்றைத் தேடி மலை மலையாக ஏறி இறங்கியதுதான் அவருடைய ஆராய்ச்சி. "உயிரோடு இருப்பவனை லாரியில் ஏற்றிவிடலாம். செத்தவன் ஏறமாட்டான். நிலத்தைத் திருடுகிறவனுக்கு அவனைக் கண்டால்தான் பயம்" என்பார். அங்கே கரும்புத் தோட்டங்களில் நம் தமிழர்களோடு பழகியவருக்கு, அதே கப்பல் காலத்தில் இந்தப் பக்கம், மலாய் மண்ணுக்கு வந்தவர்களையும் பார்க்க ஆசை. ஓய்வு பெற்றபின் நீலாயில் ஒரு கல்லூரியில் வகுப்பெடுக்க வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வேனை வாடகைக்கு எடுத்தார். எங்கள் பழக்கம் அப்படித் தொடங்கியது.

முதல் ஞாயிறு போர்டிக்சன் சாலையில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்குத்தான் கூட்டிப்போனேன். வெள்ளைத்தோலைக் கண்டதும் என் அம்மா எழுந்து நின்று, "வாங்க தொரை" என்றார். டாக்டரின் முகம் சுருங்கிவிட்டது. "தொரை வேணாம்மா" என்று தமிழிலேயே சொன்னார். கரும்புத் தோட்டத்தில் கற்ற தமிழ். அப்புறம் ஆங்கிலத்தில், "என் பாட்டன் வீட்டுக் கூரையைப் பிடுங்கியவனுக்குப் பெயர்தான் துரை" என்றார். நான் மொழிபெயர்த்ததும் அம்மா சிரித்துவிட்டு, அன்றிலிருந்து தம்பி என்றே கூப்பிட்டார். வருகிறவர்கள் எல்லாரும் கோயிலைக் கேட்பார்கள், பள்ளிக்கூடத்தைக் கேட்பார்கள். இவர் கேட்டது, "உங்கள் ஆட்களை எங்கே புதைக்கிறீர்கள்?"

செம்பனைத் தோப்புக்குப் பின்னால் இருந்த மேட்டுக்கு அம்மா கூட்டிப்போனார். எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பால்வெட்டுக்காரர் இறந்தால் மூன்றாம் நாள் பால் தெளிப்பதற்குச் சொம்பு எடுப்பதில்லை. மரத்தில் ரப்பர்ப் பால் பிடிக்க அவர் வைத்த பீங்கான் மங்கிலேயே பசும்பால் கொண்டுபோவோம். தெளித்தபின் அந்த மங்கை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, குழிமேலேயே கவிழ்த்துவிட்டு வரவேண்டும். கல்லறை கட்ட வசதி இல்லாத ஜனத்துக்கு அதுதான் அடையாளம். என் அப்பாவின் மங்கு விளிம்பில் உடைந்தது. டாக்டர் அந்த மங்குகளைப் பார்த்துவிட்டுப் புல்லில் அப்படியே உட்கார்ந்தார். "அங்கே தட்டு, இங்கே மங்கு" என்றார். கேமராவை எடுத்தபோது அம்மா தடுத்துவிட்டார். "வேணாந்தம்பி. பொணக்குழியப் படம் புடிச்சா படுத்திருக்கிறவங்களுக்கு ஒறக்கம் கெட்டுடும்." மறுபேச்சில்லாமல் கேமராவைப் பைக்குள் வைத்தார்.

பிறகு அவர் இருதய வைத்தியத்துக்கு ஊருக்குப் போயிருந்த சமயத்தில்தான் அது நடந்தது. வீடு கட்டி விற்கும் கம்பெனிக்காரர்கள் அந்த மேட்டைக் கேட்டார்கள். சமாதிகள் இருந்தால் இடம் ஒதுக்க வேண்டும் என்பதால் பார்வையிட அதிகாரிகள் வருவதாக இருந்தது. தலைவர் கோயிலில் மைக் பிடித்தார். "ஆபீசருங்க வர்றாங்க. எடம் குப்பக்காடா கெடந்தா நம்ம மானம் போயிடும்லா. சுத்தமா இருந்தாத்தான் கேட்டது கெடைக்கும்." வீடு பற்றி எரிந்தாலும் விருந்தாளி வந்தால் வாசலைக் கூட்டுகிற ஜனம் நாம். கூட்டித்தள்ளிவிட்டார்கள். மீகூனும் தேநீரும் கோயில் செலவு. புல்லை வெட்டி, மேடுகளைத் தட்டிச் சமமாக்கி, மங்குகளை எல்லாம் பொறுக்கிக் கழுவி மரத்தடியில் அழகாக அடுக்கினார்கள். "நல்லா தேச்சிக் கழுவுங்க" என்று தலைவர் பக்கத்திலேயே நின்று ஏவியிருக்கிறார். மறுநாள் அதிகாரிகள் வந்தபோது கால்பந்துத் திடல்போல் வெறும் தரை. "இங்க யாரையும் பொதைச்சதில்ல" என்று சொன்னதும் அவர்தான். பிறகு அங்கே எழுந்த குடியிருப்பில், அந்தத் தாமானில், முதல் மூலைவீடான கார்னர் லாட்டுக்குச் சொந்தக்காரரும் அவர்தான். நான் வேலை முடிந்து போனபோது, அப்பாவின் உடைந்த மங்கைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா அந்தத் தரையில் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

டாக்டர் திரும்பி வந்ததும் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நாங்களே அவுங்களத் தொலைச்சிட்டோம்" என்று அழுதார். டாக்டர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். "நீங்கள் கூட்டினீர்கள். தொலைத்தது அவன். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்." திரும்பும் வழியில் வேனில் வேறொன்று சொன்னார். ஆப்பிரிக்காவிலும் ஒரு விதவை படம் எடுக்க வேண்டாம் என்றாளாம், கேமராவை உள்ளே வைத்தாராம். அடுத்த முறை போனபோது அந்தக் குன்றை உழுது சோளம் போட்டிருந்தார்களாம். "மரியாதை பார்த்து இரண்டு இடங்களை இழந்தேன். இனி மரியாதை கிடையாது." மிஷன் பள்ளியில் வேலை பார்த்தவராயிற்றே என்று, "மன்னிக்கிறதுன்னு ஒண்ணு இல்லையா டாக்டர்?" என்று கேட்டேன். "இருக்கிறது. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு" என்றார்.

தாமானில் வீடு விற்கத் திறப்பு விழா வைத்தார்கள். பலூன், கூடாரம், சிங்க நடனம், மாலையோடு தலைவர். பட்டப்பகலில் தோட்டத்து ஆட்கள் நாங்கள் எல்லாரும் போனோம். ஆளுக்கொரு மங்கில் பால். யாரையும் ஏசவில்லை, பதாகை பிடிக்கவில்லை. கட்டி முடித்த வீடுகளின் வாசலில் பாலைத் தெளித்து மங்கைக் கவிழ்த்துவிட்டு அருகிலேயே நின்றோம். திட்டம் டாக்டருடையது. "பொய் மட்டும் வேண்டாம். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், அது போதும்" என்றிருந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு சீனத் தம்பதி இது என்ன என்று கேட்டார்கள். "எங்க வீட்டுக்காரரு இங்கதான் எங்கயோ படுத்திருக்காரு. எடந்தான் தெரியல" என்றார் அம்மா. நான் அதை மலாயில் சொன்னேன். அவர்கள் கார்க் கதவைச் சாத்திய வேகம் இன்னும் என் காதில் இனிக்கிறது. சீனர், மலாய்க்காரர், நம்மவர் யாரும் அங்கே வீடு வாங்கவில்லை. இன்றைக்கும் வரிசை வரிசையாகப் பூட்டிக் கிடக்கின்றன. சேர்த்ததையெல்லாம் அந்தக் கார்னர் லாட்டில் போட்ட தலைவருக்கு அதை விற்கவும் முடியவில்லை. பெண்டாட்டி பிள்ளைகள் தெமியாங்குக்குப் போய்விட்டார்கள். அவர் மட்டும் அங்கே தனியாக இருக்கிறார். நன்றாக இருக்கட்டும்.

டாக்டரை அவர் ஊர் மண்ணில் புதைத்துவிட்டதாக அவருடைய தங்கை எழுதியிருந்தார். மூன்றாம் நாள் அம்மாவை வேனில் உட்காரவைத்து, ஒரு மங்கில் பால் ஊற்றிக்கொண்டு அந்தத் தாமானுக்குப் போனேன். தலைவர் வீட்டு வாசலில் பாலைத் தெளித்து மங்கைக் கவிழ்த்தேன். சாரோங்கோடு வெளியே வந்தவர் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்குப் பின்னாலேயே நின்றார்.

"செத்தவன் அயர்லாந்துல. எங்கூட்டு வாசல்ல எதுக்கு சரசு இது?"

"அவரு பாத்த வேல இங்கதான இன்னும் முடியாம கெடக்கு."

"எத்தன நாளைக்குத்தான் மாசா மாசம் இப்பிடிச் செய்வ? எனக்கும் வயசாச்சுலா."

"எங்கப்பா எந்த எடத்துல கெடக்காருன்னு காட்டுங்க தலைவரே. இன்னையோட நிறுத்திடுறேன்."

அவர் என்னைப் பார்த்தார், வேனில் இருந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு சிமெண்டு பூசிய தன் வீட்டு முற்றத்தைப் பார்த்தார். காட்டத்தான் நினைத்தார் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் கைநீட்ட அவருக்கும் இடம் தெரியவில்லை.

டாக்டரின் புத்தகங்களைக் கல்லூரி எடுத்துக்கொண்டது. அவருடைய கோபத்தை நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த மாதமும் பால் வாங்குவேன்.