பிறேமினி என்ற பெயரில் இருபது வருடம்

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் ஆட்களில் கிளறிற்றாவைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் ஆஸ்பத்திரித் துணி தோய்க்க அவள் வேலை செய்த லோண்டரியில் அந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. அங்கே அவள் பிறேமினி.

2005இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். அகதி விண்ணப்பம் தள்ளுபடியானது. வேலை செய்ய உரிமை இல்லை. அவளுடைய பெரியம்மாவின் மகள் பிறேமினிக்கு விசா இருந்தது. அவள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாள்.

"வேலைக்குக் கேக்கிற இன்சூரன்ஸ் நம்பர் என்னட்டைச் சும்மாதானே கிடக்குது. நீ அதிலை வேலை செய். உனக்கு விசா எடுக்கிற நேரம் உண்மையை நான் வந்து சொல்லுவன்" என்றாள். கிளறிற்றா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம்.

பிறகு இருபது வருடம் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளோடு போனது. சம்பளம் பிறேமினியின் வங்கிக்குப் போய், காசாகக் கிளறிற்றாவின் கைக்கு வரும். அதில் பிறேமினி ஒரு சதம்கூட எடுத்ததில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். வரியும் பென்சனுக்கான இன்சூரன்ஸ் காசும் மட்டும் மாதம் தவறாமல் வெட்டுப்பட்டன. "விசா இல்லாத ஆக்கள் எங்கடை வரியிலை சாப்பிடுகினம்" என்று எங்கள் ஆட்களே கடையில் நின்று கதைப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காய்ச்சலுக்குக்கூட டாக்டரிடம் போகப் பயந்த கிளறிற்றா, கேட்டும் கேளாதவள் போல மரக்கறியைப் பொறுக்கிக்கொண்டிருப்பாள்.

இருபது வருடம் இங்கே இருந்ததை நிரூபித்தால் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். சனிக்கிழமைகளில் சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவன் நான். கிளறிற்றா ஒரு பை நிறைய பே ஸ்லிப்போடு வந்தாள். எல்லாம் பிறேமினியின் பெயரில்.

"வேலை செய்தது நான்தான் எண்டு அக்கா ஒரு கடிதம் தந்தாப் போதும், அண்ணை."

ஹரோவில் பிறேமினியின் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். தேத்தண்ணி தந்தாள், கேக் வெட்டித் தந்தாள். கடிதம் என்றதும் முகம் மாறிவிட்டது.

"எனக்கு அறுபத்தாறு முடிஞ்சுது. பென்சன் வரத் தொடங்கீட்டுது. கடிதம் எழுதினா நிப்பாட்டிப் போடுவாங்கள்."

"அது நான் உழைச்ச பென்சன், அக்கா."

"நீ எங்கை உழைச்சனி? கடதாசியைப் பார். இருபது வருசமும் வேலை செய்தது நான்."

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? அவளுடைய பயம் எனக்கு விளங்கும். உண்மை வெளியே வந்தால் அவளுக்கும் வழக்கு வரலாம். ஆனால் பயந்தவள் பயம் என்று சொல்ல வேண்டும். உழைத்தது நான் என்று சொல்ல எப்படி வாய் வந்தது? நான் சத்தம் போட்டேன். கிளறிற்றாதான் என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"விடுங்கோ அண்ணை. வேலையாவது கிடக்குதுதானே, வேறை வழி பாப்பம்" என்றாள்.

திங்கட்கிழமை லோண்டரிக்குப் போனாள். அவளுடைய அட்டைக்கு வாசல் கதவு திறக்கவில்லை. மேலாளர் வெளியே வந்தார். நல்ல மனிதர். பிறேமினி ஓய்வு பெறுவதாக ஞாயிற்றுக்கிழமை மின்னஞ்சல் வந்திருந்ததாம். எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போக வந்தாள் என்று நினைத்துக் கையைக் குலுக்கி வாழ்த்தினார்.

தான் அனுப்பவில்லை என்று அவள் சொன்னால், அப்படியானால் யார் அனுப்பியது என்று கேட்பார். கிளறிற்றா அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.